ஒரு ஆள் வருகிற வரைக்கும்

சோத்துக்கடை அக்காவிடம் சாப்பிட்டவர்கள் அவள் சமையலைப் பற்றி முதலில் பேச மாட்டார்கள். அவள் பரிமாறுவதைப் பற்றித்தான் பேசுவார்கள். சமையலில் அவளைவிடக் கெட்டிக்காரர்கள் அந்தத் தெருவிலேயே இரண்டு பேர் இருந்தார்கள். அதை அவளே ஒத்துக்கொள்வாள். பரிமாறுவதில் மட்டும் அவளை அடித்துக்கொள்ள ஆளில்லை. தட்டில் எது குறைகிறது என்று சாப்பிடுகிறவனுக்குத் தெரிவதற்கு முன்னால் அவளுக்குத் தெரிந்துவிடும். "போதும், போதும்" என்று தட்டின் மேல் கையை விரித்து மறைப்பவரின் விரல் இடுக்கு வழியாகவே ஒரு கரண்டி குழம்பை இறக்கிவிடுவாள். சூடு பட்டவர் கத்துவார், சுற்றி இருப்பவர்கள் சிரிப்பார்கள், கடைசியில் சூடு பட்டவரும் சிரிப்பார். மறுநாள் அதே நாற்காலிக்கு வந்துவிடுவார்.

இப்படி இருபத்திரண்டு வருஷம். கணவர் போனபோது மகளுக்குப் பதினொரு வயது. அவர் விட்டுப்போனது டீயும் ரொட்டியும் விற்கிற சின்னக் கடை. அக்கா அதை மதியச் சாப்பாட்டுக் கடையாக மாற்றினாள். எட்டு மேசை, மேசைக்கு நாலு நாற்காலி, மொத்தம் முப்பத்திரண்டு. பன்னிரண்டரை மணிக்கு நிரம்பினால் மூன்று மணி வரைக்கும் நாற்காலி சூடு ஆறாது. வாடிக்கைக்காரர்களில் ஒருவர் பெயர்கூட அவளுக்குத் தெரியாது. யாருக்கு உறைப்பு ஆகாது, யாருக்குக் குழம்பைச் சோற்றின் மேல் ஊற்றக் கூடாது, யார் வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறார் என்பதெல்லாம் தெரியும். அது போதாதா? பெயரை வைத்துக்கொண்டு என்ன செய்வது, குழம்பிலா போடுவது?

பிறகு கம்பெனிக்கடைகள் வந்தன. முதலில் தெருமுனையில் கோழி வறுத்து விற்கிற ஒன்று. அடுத்த வருஷம் காப்பிக்கென்று ஒன்று. அதற்கப்புறம் அக்காவின் கடைக்கு நேர் எதிரே, பழைய துணிக்கடை இருந்த இடத்தில், மதியச் சாப்பாட்டுக்கே ஒன்று. நாற்பது ஊரில் கிளையாம். நாற்பது ஊரிலும் அதே நாற்காலி, அதே விளக்கு, அதே உப்பு. ஆளைப் பார்த்ததும் கண்ணாடிக் கதவு தானாகத் திறந்துகொள்ளும். உள்ளே ஒரு பலகையை விரலால் தொட்டு வேண்டியதைச் சொன்னால் சீட்டு வரும். நம்பரைக் கூப்பிட்டதும் போய்த் தட்டை எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். "சாப்பிட வந்தவனுக்கு நம்பரா! இதென்ன ஆஸ்பத்திரியா?" என்று அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். ஆறு மாதத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

சும்மா சொல்லக் கூடாது, அங்கே சாப்பாடு நன்றாகவே இருந்தது. சுத்தமாக இருந்தது, குளுகுளுவென்று இருந்தது. அக்காவின் கடையில் இருந்தது ஒரு மின்விசிறி, அதுவும் பாதி நாள் முனகிக்கொண்டு சுற்றும். முட்டைக்கடை அண்ணன் தம்பி இருவரும் ஒரே வாரத்தில் கடையைக் கட்டிக்கொண்டு போனார்கள். சூப்புக்காரர் தள்ளுவண்டியோடு எந்தப் பக்கம் போனார் என்றே தெரியவில்லை. அக்காவின் முப்பத்திரண்டு நாற்காலி இருபதாயிற்று, பத்தாயிற்று, நாலாயிற்று.

வியாபாரம் போனதை அவள் தாங்கிக்கொண்டாள். முகங்கள் போனதைத்தான் தாங்க முடியவில்லை. பன்னிரண்டு வருஷம் அவள் கையால் சாப்பிட்ட வங்கிக் குமாஸ்தா, கம்பெனிக்கடைப் பை கையில் இருக்கிற நாளில் பின்பக்கச் சந்து வழியாகச் சுற்றிக்கொண்டு போக ஆரம்பித்தார். தையல்கார அம்மா அந்த இடம் வந்ததும் குடையைச் சாய்த்து முகத்தை மறைத்துக்கொண்டு கடப்பாள். மழையும் இருக்காது, வெயிலும் இருக்காது. அட, எங்கே வேண்டுமானாலும் தின்றுவிட்டுப் போங்களேன், என்னைப் பார்த்து ஒரு தலையாட்டு ஆட்டினால் தலை என்ன கழன்றா விழுந்துவிடும்? இப்படிக் கத்த வேண்டும் போல அவளுக்கு நெஞ்சு முட்டும். கத்த மாட்டாள். வாசலில் உட்கார்ந்து ஈ ஓட்டுவாள். நிஜமாகவே ஓட்டுவாள், அதற்கென்று ஒரு பழைய செய்தித்தாளை மடித்து வைத்திருந்தாள்.

பாத்திரம் தேய்க்க வந்து பாதிச் சமையலையும் கற்றுக்கொண்டிருந்த பாத்திரக்காரம்மாவை அக்காவே எதிர்க்கடைக்கு வேலைக்கு அனுப்பினாள். "இங்க நின்னு என் மூஞ்சியப் பாத்துட்டு இருந்தா உன் பிள்ளைங்க வயிறு நெறையுமா? போ" என்றாள். அவள் மூக்கைச் சிந்திக்கொண்டே போனாள். மறுநாள் சீருடையும் தொப்பியுமாகக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் மேசை துடைத்துக்கொண்டிருந்தாள். அக்காவைப் பார்த்ததும் துணியைத் தூக்கி ஆட்டினாள்.

வெளியூரில் இருக்கிற மகள் ஞாயிறுதோறும் மதியம் போன் செய்வாள். நல்ல பெண். மருமகனும் குறை சொல்ல முடியாதவன். "அம்மா, போதும்மா. கடையைக் குடுத்துட்டு இங்க வந்துடு. உனக்குன்னு ஒரு ரூம் சும்மாதான் கிடக்கு" என்பாள். அந்த அறையை அக்காவுக்குத் தெரியும். போன வருஷம் பத்து நாள் இருந்துவிட்டு வந்தாள். காலையில் எட்டு மணிக்கு எல்லோரும் கிளம்பிப் போவார்கள், சாயங்காலம் ஏழு மணிக்கு வருவார்கள். அவரவர் நேரத்துக்கு அவரவர் எடுத்துப் போட்டுச் சாப்பிடுவார்கள். கரண்டியோடு எழுந்தால், "நீ உட்காரும்மா, நாங்க பாத்துக்கிறோம்" என்பார்கள். பாசமாகத்தான் சொன்னார்கள். அக்கா பத்து நாளும் சோபாவில் உட்கார்ந்து சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அறுபத்தோரு வயதில் அவளுக்கு வேண்டியது காசும் இல்லை, பேரும் இல்லை. ஒரு தட்டுக்குச் சோறு வைக்க வேண்டும், அவ்வளவுதான்.

அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை மகளோடு பேரம் பேசினாள்.

"ஒரு ஆள் வர்ற வரைக்கும் அடுப்பு எரியட்டும். ஒரே ஒரு ஆள். அவரும் நின்னுட்டா, மறுவார்த்தை பேசாம பெட்டியைக் கட்டிக்கிட்டு வந்துடறேன்."

"சத்தியமா?"

"சத்தியமா."

அந்த ஒரு ஆள் அப்போது கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்து மேசையில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருந்தார். அக்கா குரலைத் தாழ்த்தவில்லை. அவர்பாட்டுக்குத் தலையைக் குனிந்து சாப்பிடுகிறவர், அவருக்கு எங்கே கேட்கப் போகிறது என்று நினைத்தாள்.

அவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். எல்லோருக்கும் லிஃப்ட்காரர். அக்காவைவிட நாலைந்து வயது இளையவர். கல்யாணமே ஆகவில்லை என்பார்கள் சிலர், ஆகி நிலைக்கவில்லை என்பார்கள் சிலர், அக்கா கேட்டதில்லை. பத்தொன்பது வருஷமாக அதே மேசை. வந்து உட்கார்ந்ததும் "வைங்கக்கா" என்பார், முடிந்ததும் "போதுங்கக்கா" என்பார். நடுவில் வாயைத் திறந்தால் அது சாப்பிடுவதற்காகத்தான் இருக்கும். பீன்ஸ் பொரியல் வைக்கிற நாளில் வேறெதையும் தொடாமல் முதலில் அதைத்தான் காலி செய்வார். மனுஷனுக்குப் பிடிக்கும் போல என்று அக்கா இன்னொரு கரண்டி வைப்பாள். அதையும் காலி செய்வார்.

அவர் ஒருவர் மட்டும் என்று ஆனபிறகு அக்கா அவரைத் தாங்கு தாங்கு என்று தாங்கினாள். முப்பத்திரண்டு தட்டுக்குப் பழகிய கை, ஒரே தட்டைச் சுற்றிச் சுற்றி வந்தது. அவர் ஒரு வாய் எடுத்தால் இவள் ஒரு கரண்டி வைத்தாள். சோறு சூடாக இருக்கிறதா, உப்பு சரியாக இருக்கிறதா, மின்விசிறியை இந்தப் பக்கம் திருப்பட்டுமா? மேசைக்கு ஒரு முழம் தள்ளி, கையில் பாத்திரத்தோடு, அவர் முகத்தையே பார்த்தபடி நிற்பாள். அவர் நன்றாகச் சாப்பிட்டுவிட்டுப் போனால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு ஒரு தெம்பு.

ஒரு செவ்வாய்க்கிழமை அவர் வரவில்லை. எங்கோ பெரிய கட்டடத்தில் வேலை இழுத்திருக்கும் என்று நினைத்தாள். புதன்கிழமை வரவில்லை. வியாழக்கிழமை மூன்று மணி வரைக்கும் சோற்றை மூடிவைத்துக்கொண்டு காத்திருந்தாள். வெள்ளிக்கிழமை அவளுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தனி ஆள், கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே விழுந்து கிடந்தால் யார் பார்ப்பது? கடையை அப்படியே போட்டுவிட்டு விசாரித்துக்கொண்டு கிளம்பினாள். இரண்டு தெரு தள்ளி, மூன்றாவது மாடி. ஊரில் இருக்கிற லிஃப்டையெல்லாம் சரிபண்ணுகிற மனுஷன் குடியிருக்கிற கட்டடத்தில் லிஃப்டே கிடையாது. முட்டியைப் பிடித்துக்கொண்டு, படிக்கு ஒரு பெருமூச்சாக ஏறினாள்.

கதவைத் தட்டியதும் உடனே திறந்தது. அவர் தலை வாரி, இஸ்திரிச் சட்டை போட்டு, காலில் செருப்போடு நின்றார். அக்காவைப் பார்த்ததும் அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"என்ன தம்பி, ஆளையே காணோம்?"

அவர் ஒரு விநாடி மென்று விழுங்கினார். "வயிறு சரியில்லைக்கா."

"அய்யோ! எப்பயிருந்து?"

"செவ்வாய்க்கிழமையிலிருந்து."

"வாந்தியா, வயித்தால போகுதா?"

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, "ரெண்டும்" என்றார்.

அக்கா உள்ளே எட்டிப் பார்த்தாள். ஒரு கட்டில், ஒரு நாற்காலி, மூலையில் கருவிப்பை. மேசை மேல் எதிர்க்கடையின் அட்டைப்பெட்டி காலியாகக் கிடந்தது. அவ்வளவுதான், அவளுக்கு எல்லாம் விளங்கிவிட்டது.

"அங்க சாப்பிட்டீங்களா?"

"ஒரே ஒரு நாள்தான்."

"அதான் பாத்தேன். பத்தொன்பது வருஷம் ஒரு கைச் சோத்துக்குப் பழகின வயிறு, வேற எதையும் ஏத்துக்குமா? நான் ஒண்ணும் சொல்லல. நீங்க படுங்க. கஞ்சி வச்சுக் கொண்டுவரேன்."

"வேண்டாங்கக்கா, எதுக்கு சிரமம்..."

"படுங்கன்னா படுங்க!"

நெற்றியைத் தொட்டுப் பார்த்தால் சில்லென்று இருந்தது. செருப்பு மாட்டிக்கொண்டு வெளியே கிளம்பத் தயாராக நிற்கிற நோயாளியை உலகத்தில் வேறு யாராவது நம்பியிருப்பார்களா? அக்கா நம்பினாள். நம்பாவிட்டால் மகளிடம் என்ன சொல்வது? படி இறங்கும்போது, கடவுள் மன்னிக்கட்டும், அவளுக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

அன்றிலிருந்து தினமும் ஒரு மணிக்கு அக்கா தூக்குச்சட்டியில் கஞ்சியோடு மூன்று மாடி ஏறினாள். உப்புப் போட்டும் போடாமலும், தண்ணியாக, பிள்ளை பெற்றவளுக்கு வைக்கிற மாதிரிப் பதமாக. அவர் கட்டிலில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற கஞ்சியைத் தலையைக் குனிந்தபடி குடிப்பார். அக்கா ஒரு முழம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருப்பாள். "இன்னும் ஒரு டம்ளர்" என்பாள். "போதுங்கக்கா" என்பார். ஊற்றுவாள். ஐம்பத்தாறு வயது ஆள், நாளெல்லாம் இரும்புக் கயிற்றை இழுக்கிற ஆள், வேலைக்குப் போகாமல் மத்தியானம் கட்டிலில் உட்கார்ந்து கஞ்சி குடித்தார். ஞாயிற்றுக்கிழமை மகள், "அவர் வர்றாராம்மா?" என்று கேட்டாள். "நேரம் தவறாம சாப்பிடுறாரு" என்றாள் அக்கா. அதில் பொய் ஒன்றும் இல்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

பத்தாவது நாள் காய்கறிக் கடையில் பாத்திரக்காரம்மா எதிர்ப்பட்டாள். சீருடையில் இருந்தாள். அக்கா கையில் இருந்த தூக்குச்சட்டியைப் பார்த்துவிட்டு, யாருக்கு என்று கேட்டாள். அக்கா கதையைச் சொன்னாள். கொஞ்சம் பெருமையாகவே சொன்னாள்.

பாத்திரக்காரம்மா காய்க்கூடையைக் கீழே வைத்தாள். "அக்கா, நான் சொன்னா தப்பா எடுத்துக்கக் கூடாது."

"என்னடி?"

"அவரு நல்லாத்தான் இருக்காரு. தினம் எங்க கடைக்கு வர்றாரு. ரெண்டு மணிக்குப் பின்பக்கச் சந்து வாசல் வழியா வருவாரு, உங்க கண்ணுக்குத் தெரியாத மூலையில உக்காருவாரு, பெரிய சாப்பாடு வாங்குவாரு. வழிச்சுச் சாப்பிடுவாரு. இவ்வளவு பசியோட வர்றாரே, வீட்டில பட்டினியான்னு நானே நெனச்சிருக்கேன்."

ஒரு மணிக்கு அக்கா கஞ்சி, இரண்டு மணிக்குக் கம்பெனிக்கடைச் சாப்பாடு. அக்காவுக்கு முகமெல்லாம் சூடேறியது. ஏமாந்ததுகூட அப்புறம். பத்து நாள் அந்த முட்டியை வைத்துக்கொண்டு ஏறி இறங்கி, நல்ல மனுஷனுக்கு உப்பில்லாத கஞ்சியை ஊற்றிக்கொண்டு நின்றோமே, அந்த வெட்கம்தான் பிடுங்கித் தின்றது.

மறுநாள் கஞ்சி வைக்கவில்லை. சோறு, குழம்பு, பொரியல் எல்லாம் அடுக்குச்சட்டியில் கட்டிக்கொண்டு போனாள். அவர் அடுக்கைப் பார்த்தார், அக்காவின் முகத்தைப் பார்த்தார். புரிந்துவிட்டது. கட்டிலில் உட்காராமல் நின்றார்.

"ரெண்டு மணிக்குப் போகணும்ல, அதுக்குள்ள சாப்பிட்டுடுங்க" என்றாள் அக்கா.

"அக்கா..."

"என் சாப்பாட்டுல என்ன குறை? வாயைத் திறந்து சொல்லியிருந்தா மாத்தியிருப்பேனே. உப்பா, காரமா, என்ன?"

"சாப்பாட்டுல ஒரு குறையும் இல்லைக்கா. சத்தியமா இல்லை."

"பின்ன?"

அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். பத்தொன்பது வருஷத்தில் பேசியதையெல்லாம் சேர்த்தாலும் அன்றைக்குப் பேசிய அளவுக்கு வராது.

"முப்பது நாற்காலி காலியா கிடக்கு. நடுவுல நான் ஒருத்தன் உக்காந்து சாப்பிடறேன். நீங்க நின்னு என் மூஞ்சியையே பாக்கறீங்க. ஒரு வாய் கம்மியாச் சாப்பிட்டா உங்க முகம் வாடிடுது. நான் வந்தாத்தான் அடுப்பு எரியும்னு பொண்ணுகிட்ட சொன்னீங்க, கேட்டுச்சு. அன்னியிலிருந்து எனக்குச் சோறு எறங்கலைக்கா. பசிக்காத நாள்லயும் வந்தேன். காய்ச்சலோட வந்தேன். நான் ஒரு நாள் வரலைன்னா உங்க கடை போச்சு. எனக்கு லீவே கிடையாது. அது எவ்வளவு பெரிய பாரம்னு தெரியுமாக்கா?"

அவர் சன்னலுக்கு வெளியே, கம்பெனிக்கடை இருக்கிற பக்கமாகக் கையைக் காட்டினார்.

"அங்க நான் யாரோ. நம்பரைக் கூப்பிடுறாங்க, எடுத்துக்கிறேன், தின்னுட்டு வரேன். நாளைக்கு நான் செத்தாலும் அவங்களுக்கு ஒண்ணும் ஆகாது. அது ஒரு நிம்மதியா இருக்கு."

சொல்லிவிட்டு அவரே பயந்துபோனார். "தப்பா சொல்லிட்டேனா?" என்றார்.

"இல்ல தம்பி" என்றாள் அக்கா. அடுக்கை மேசை மேல் வைத்துவிட்டுக் கதவைத் தாண்டினாள். ஒரு மாடி இறங்கினாள். இறங்குகிற ஒவ்வொரு படியிலும் திட்டினாள்: நன்றி கெட்ட மனுஷா, பார்த்தால் என்ன, பார்வை என்ன கடித்தா தின்றுவிடும், பசித்த முகத்தைப் பார்க்காமல் எப்படிடா பரிமாறுவது? இரண்டாவது மாடியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். மகள் வீட்டுச் சோபா ஞாபகத்துக்கு வந்தது. திரும்பி மேலே ஏறினாள்.

கதவு இன்னும் திறந்தே இருந்தது.

"தம்பி, நான் வெளியவே வர மாட்டேன். சாப்பாட்டை எடுத்து வச்சுட்டு உள்ள போயிடறேன். வந்தா எடுத்துப் போட்டுச் சாப்பிடுங்க. வரலைன்னா விட்டுடுங்க. நான் பாக்க மாட்டேன், எண்ண மாட்டேன். சரியா?"

அவர் ஆகட்டும் என்பது போலத் தலையை மட்டும் ஆட்டினார்.

அக்கா ஒரு பழைய படுக்கைவிரிப்பை இரண்டாகக் கிழித்துச் சமையலறை வாசலில் கயிறு கட்டித் தொங்கவிட்டாள். பாத்திரங்களை ஒரு மேசையில் மூடிவைத்து, பக்கத்தில் தட்டுகளை அடுக்கினாள். பன்னிரண்டரைக்கு உள்ளே போனாள். முதல் நாள் யாரும் வரவில்லை. இரண்டாம் நாளும் இல்லை. மூன்றாம் நாள் பெட்டியை எடுத்துத் தூசி தட்டினாள். நாலாம் நாள் செருப்புச் சத்தம் கேட்டது. அந்தச் செருப்பை அவளுக்குத் தெரியும், இடது கால் கொஞ்சம் இழுக்கும்.

எட்டிப் பார்க்கக் கூடாது என்பது சொல்வதற்குச் சுலபம். அவளுக்கு உடம்பெல்லாம் பரபரவென்று இருந்தது. சாப்பிடுகிறவர் இருக்கிற இடத்தில் அவள் கை சும்மா இருந்ததே இல்லை. கழுவின பாத்திரத்தையே மறுபடி எடுத்துத் தொட்டியில் போட்டு, தண்ணீரில் இரண்டு கையையும் அமுக்கிக்கொண்டு நின்றாள். மூடி திறக்கிற சத்தம், நாற்காலி இழுபடுகிற சத்தம், அப்புறம் சத்தமே இல்லை. நிதானமாகச் சாப்பிடுகிறார் என்று தெரிந்தது. அவள் பார்த்து நிற்கையில் அவசர அவசரமாக அள்ளிப் போட்டுக்கொள்வாரே, அந்த வேகம் இல்லை. போன பிறகுதான் வெளியே வந்தாள். பீன்ஸ் பொரியல் மட்டும் பாத்திரத்தில் வைத்தது வைத்தபடி இருந்தது, ஒரு கரண்டிகூடக் குறையவில்லை.

அக்கா அந்தப் பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தாள். பத்தொன்பது வருஷம்! பிடிக்காததை முதலில் விழுங்கித் தொலைத்திருக்கிறார். விழுங்க விழுங்க இவள் இன்னொரு கரண்டி வைத்திருக்கிறாள். யாருக்கு எது பிடிக்கும் என்று அவளுக்குத் தெரியாதது இல்லையாம்! சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. கடைசியில் அழுகைதான் மிஞ்சியது.

அதன்பிறகு அவர் பெரும்பாலும் வந்தார். சில நாள் வரவில்லை. அக்கா போகவுமில்லை, கேட்கவுமில்லை. இரண்டு வாரத்தில் இன்னொரு செருப்புச் சத்தமும் சேர்ந்தது. ஒரு பெண்குரல், "இது செல்ஃப் சர்வீஸா?" என்று கேட்டது. "ஆமாம்மா" என்றாள் அக்கா திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து. அந்தப் பெண் தோழிகளைக் கூட்டிவந்தாள். தையல்கார அம்மாகூட ஒரு நாள் வந்தாள். இருமலை வைத்து அக்கா கண்டுபிடித்துவிட்டாள். முகத்துக்கு முகம் பார்க்க வேண்டியதில்லை என்றதும் அவளுக்கும் துணிச்சல் வந்திருக்கிறது. மகள் ஞாயிற்றுக்கிழமை கேட்டபோது, "ஆறு ஏழு பேர் வர்றாங்க" என்றாள் அக்கா. "பரவாயில்லையே! என்னம்மா பண்ணினே?" என்று மகள் ஆச்சரியப்பட்டாள். "ஒண்ணும் பண்ணல. பேசாம இருக்கேன்" என்றாள் அக்கா. அது மகளுக்கு விளங்கவில்லை.

அவள் இல்லாத மாதிரி இருந்தால் அவள் கடைக்கு ஆள் வருகிறார்கள். இதை யாரிடம் போய்ச் சொல்வது? அடுப்படியில் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, வெளியே தட்டும் கரண்டியும் இடித்துக்கொள்கிற சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பாள். யாராவது சிரித்தால் எதற்கு என்று தெரியாமல் இவளும் சிரிப்பாள்.

ஒரு மதியம் எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது திரைச்சீலைக்கு வெளியே அந்த இழுக்கிற செருப்பு வந்து நின்றது.

"அக்கா."

ஒன்றரை மாதத்துக்குப் பிறகு அவர் கூப்பிடுகிறார். அக்கா எழுந்த வேகத்தில் முக்காலி சாய்ந்தது.

"என்ன தம்பி?"

"குழம்பு தீந்துடுச்சுக்கா. இன்னும் கொஞ்சம் இருக்குமா?"

அவராக வாயைத் திறந்து இன்னும் வேண்டும் என்று கேட்டது இதுதான் முதல் தடவை. கேட்க விட்டால்தானே! அக்கா ஒரு கிண்ணத்தில் சூடாக ஊற்றினாள். திரைச்சீலைக்கு அருகே வந்தாள், ஒரு காலைக்கூட எடுத்து வைத்துவிட்டாள். பிறகு காலைப் பின்னால் இழுத்துக்கொண்டு, கையை மட்டும் வெளியே நீட்டினாள். அவர் வாங்கிக்கொண்டார்.

வாங்கிக்கொண்டவர் போகவில்லை.

"நீங்க சாப்பிட்டீங்களாக்கா?"

இருபத்திரண்டு வருஷத்தில் அந்தக் கடையில் சாப்பிட வந்த யாரும் அவளை அப்படிக் கேட்டதில்லை. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. இல்லை தம்பி, இனிமேல்தான் என்று சொன்னால் போதும். அந்த மனுஷன் வெளியே வாங்க, உட்காருங்க என்பார். அவள் போய் எதிர் நாற்காலியில் உட்காரலாம். அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டே நாலு வாய் சாப்பிடலாம். ஆனால் நாளைக்கும் அவள் சாப்பிட்டாளா என்று அவர் கேட்க வேண்டிவரும். நாளை மறுநாளும் கேட்க வேண்டிவரும். அப்புறம் ஒரு நாள் அவருக்கு வயிறு சரியில்லாமல் போகும்.

"ஆச்சு தம்பி" என்றாள் அக்கா. "அப்பவே ஆச்சு. நீங்க போய்ச் சாப்பிடுங்க, ஆறிடும்."

செருப்புச் சத்தம் மேசைக்குத் திரும்பிப் போனது. நாற்காலி இழுபட்டது. அக்கா திரைச்சீலையைப் பிடித்துக்கொண்டு, அவர் சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் அங்கேயே நின்றாள்.